நடுவரோட கை

தள்ளி உக்காருங்க, மூணு பேரு சீட்டுல ரெண்டு பேருதானே. பையைக் கீழ வைங்க, எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். கரூருக்குங்களா? நானும் கரூருக்குத்தான். சொந்த ஊரு? ஓ, காங்கயம் பக்கமா. காங்கயம் பக்கம்னா எந்த ஊருங்க? அங்க யாரு வீடு? அடடே, அவுங்களா! அப்பறமென்ன, நம்மாளு.

இந்தாங்க, தோள்ல கை போட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கை பேசினாத்தான் வாய் பேசும். அதுதான் இப்ப எனக்கு வினையா வந்து நிக்குது. மூணு நாளா சோறு எறங்கலைங்க. உங்களுக்குக் கபடி தெரியுமில்ல? தெரிஞ்ச வரைக்கும் போதும்.

என் பேரு நாச்சிமுத்து. முருங்கைக்காய் யாவாரம். ஏழாங்கிளாஸ் பாதியில நின்னவன். சந்தையில கட்டுத் தூக்கினேன், வண்டி தள்ளினேன், அடி வாங்கினேன், அடிச்சேன். இன்னிக்கு என் வாய்ச்சொல்லுல லாரி லாரியா லோடு மும்பைக்குப் போகுது. தோட்டக்காரன் ஒரு விலை சொல்லுவான், நான் அதுல பாதி சொல்லுவேன். வெளிய போய்யாம்பான். போற மாதிரியே செருப்பை மாட்டுவேன். ஒரு கால் மாட்டறதுக்குள்ள கூப்பிட்டுருவான். கூப்பிடாத தோட்டக்காரனை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

அதெல்லாம் வயித்துக்கு. மரியாதைக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தேன். கபடி நடுவர். இருபத்திரெண்டு வருசம். யாவாரி நாச்சிமுத்துன்னா முதுகுக்குப் பின்னால நாலு பேரு நாலு சொல்லுவான். மைதானத்துல நான் கையைத் தூக்கினா ரெண்டாயிரம் பேரு வாயை மூடுவான். வர்ற மாசம் மாநிலப் போட்டி எங்க வட்டாரத்துலயே நடக்குதுங்க. தலைமை நடுவர்னு என் பேரைத்தான் போட்டிருந்தாங்க. நீலச் சட்டை தைச்சாச்சு, பேட்ஜ் குத்தறதுக்குப் பாக்கெட்டை ஒரு விரக்கடை கீழ எறக்கித் தைக்கச் சொன்னேன். அந்தச் சட்டைக்குத்தானுங்க இத்தனை வருசம் வெயில்ல காய்ஞ்சேன்.

எப்படி ஆட்டம் நடத்துவேன் தெரியுமா? கையால. மத்தவங்க விசில்லயே ஓட்டிருவாங்க. அவங்களுக்குக் கபடி தெரியாதுங்கறேன் நான். பாடிக்கிட்டுப் போறான் பாருங்க, அவனுக்குக் காது கேக்காது. மூச்சு பூராவும் நெஞ்சுல நிக்குது, கண்ணு எதிராளி முட்டியில நிக்குது. அப்பப் போயி விசில் ஊதினா அது பக்கத்து ரோட்டு பஸ்ஸு ஆரன் மாதிரி. கை வெச்சாத்தான் தெரியும். முதுகுல ஒரு தட்டு, அவுட்டு, போ. இடுப்புல ரெண்டு விரலு, ஓரெட்டு தள்ளி நில்லு. வாய் நீண்டுச்சுன்னா பின்கழுத்துப் பொடனியைப் புடிச்சு ஒரு திருப்பு, அவ்வளவுதான், ஆளு பூம்பூம் மாடு மாதிரி நடப்பான். ஒருக்கா ஒருத்தன் எதிராளியோட அம்மாவை இழுத்துப் பேசிட்டான். விட்டேன் ஒண்ணு, பளார்னு. ஆட்டம் முடிஞ்சதும் அவங்கப்பன் எளநி சீவிக் குடுத்தாருங்க எனக்கு. "எனக்கு அடங்காதது உங்களுக்கு அடங்குச்சே"ன்னு.

இப்படி நடந்துட்டிருக்கையில போன வருசம் சங்கத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை வருது. நடுவர்கள் ஆட்டக்காரர்களைத் தொடக் கூடாதாம். விசில், சைகை, அட்டை, இவ்வளவுதானாம். சீன்னு இருந்துச்சுங்க. கபடியே தொடற ஆட்டம். பதினாலு பேரு கட்டிப் புரள்றான், நடுவுல நான் மட்டும் டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டிட்டு நிக்கணுமா? ஏசி ரூம்ல உக்காந்து எழுதினவன் எழுதினது. அந்தக் காகிதத்துல வடை வெச்சுத் தின்னுட்டுக் கையைத் தொடைச்சுப் போட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

பொங்கல் கழிஞ்சு ரெண்டாவது ஞாயிறு. எங்கூருப் போட்டி, பகல் ஆட்டம். ஒரு பக்கம் எங்கூரு டீமு, எங்கக்கா பையன் தரணிதான் கேப்டன். அக்கா பையனுக்கு மாமன் நடுவரான்னு கேக்காதீங்க, எங்க பக்கம் எல்லாருக்கும் எல்லாரும் மாமன்தான். அந்தப் பக்கம் விடிவெள்ளின்னு ஒரு டீமு. விடிவெள்ளின்னா… அந்தப் பசங்க. காலனிப் பசங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்லைங்க, முன்னாடியே சொல்லிடறேன். ஆட்டத்துல நான் ஆளைப் பார்க்கறதில்லை, காலைத்தான் பார்ப்பேன், கோட்டை மிதிச்சானா இல்லையான்னு. அவங்க கேப்டன் பேரு இளம்பரிதி. பேரைப் பாருங்க! அவங்கப்பன் முருங்கைக் காட்டுக்குக் காய் பறிக்க வருவான், கூப்பிட்டா "சாமி"ன்னு ஓடி வருவான். இவன் "சார்"ங்கறான். நேரா மூஞ்சியைப் பார்த்து, சார். நல்லா ஆடுவான், அதை இல்லைங்கலை.

ரெண்டு பாயின்ட்ல தரணி டீமு ஜெயிச்சுது. நியாயமா ஜெயிச்சுது. பத்து நாள் கழிச்சு சங்கத்துல இருந்து போனு. "உங்க மேல ஒரு மனு, நடுவர் கை வைக்கற விசயமா. விடிவெள்ளிக்காரங்க குடுத்திருக்காங்க, விசாரணைக்கு வாங்க"ன்னு.

கை வைக்கற விசயம்னதும் எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. ஓகோ, சுற்றறிக்கையைப் புடிச்சுக்கிட்டானுகளா! மனுவுல என்ன எழுதியிருக்குன்னுகூடக் கேக்கலை. யாவாரத்துல எதிராளி வாய் தொறக்கறதுக்கு முந்தி நாம தொறந்துரணும். எட்டுப் பசங்களை வண்டியில ஏத்திட்டுப் போனேன். எல்லாம் நான் தட்டி, புடிச்சு, திருப்பி வளர்த்த ஆட்டக்காரனுக.

செயலாளர் தேவசகாயம் சார். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டரு, எனக்கு விசில் புடிக்கச் சொல்லிக் குடுத்தவரே அவருதான். பக்கத்துல அந்த இளம்பரிதி, முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நான் உள்ள போனதுமே ஆரம்பிச்சுட்டேன். "ஆமாங்க, தொட்டேன். தொடுவேன். இந்தா எட்டுப் பேரு, கேளுங்க." ஒவ்வொருத்தனா சொன்னானுக. "அண்ணன் கை வெச்சாத்தான் எங்களுக்குத் தைரியம்." "பொடனியைப் புடிப்பாருங்க, ஆனா பாசமாப் புடிப்பாரு." ஒருத்தன் கண்ணே கலங்கிட்டான்.

தேவசகாயம் சார் எல்லாம் கேட்டாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. "நாச்சிமுத்து, மனுவைப் படிச்சியா?"

"எதுக்குங்க படிக்கணும்? அதான் தெரியுதே."

"நீ தொட்டேன்னு அவங்க எழுதலைப்பா. தொடலைன்னு எழுதியிருக்காங்க."

எனக்குப் புரியலைங்க. உங்களுக்குப் புரியுதா? நடுவர் எங்களைத் தொடலைன்னு ஒரு மனு! இருபத்திரெண்டு வருசத்துல இப்படி ஒரு மனுவைக் கேட்டிருப்பனா? சிரிச்சுட்டேன். எட்டுப் பேரும் சிரிச்சானுக. அந்தப் பையன் சிரிக்கலை. செல்லை எடுத்து மேசை மேல வெச்சான். எவனோ அன்னைக்கு முழு ஆட்டத்தையும் வீடியோ புடிச்சிருக்கான்.

"எண்ணி வெச்சிருக்கேன் சார். அவங்க ஆளுங்களை முப்பத்திநாலு தடவை தொட்டிருக்கீங்க. எங்களை ஒரு தடவைகூட இல்லை."

முப்பத்திநாலு! வேலைவெட்டி இல்லாம உக்காந்து எண்ணியிருக்கான் பாருங்க. எப்பேர்ப்பட்ட புத்தி!

ஓட்டிக் காட்டினான். நானும் பார்த்தேன். விடிவெள்ளி ஆளு அவுட்டானா நான் ரெண்டு எட்டு தள்ளி நின்னு கையை வீசறேன். கோழி ஓட்டற மாதிரின்னான் அவன். நான் எங்கங்க கோழி ஓட்டினேன்? கோட்டை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்றதுக்கு விசில் கயிறை நீட்டிக் காட்டறேன். எங்காளு ஒருத்தனுக்குத் தொடை புடிச்சுக்குச்சு, ஓடிப்போயி மண்டி போட்டு நீவி விடறேன். அப்பறம் இந்த இளம்பரிதிக்கு முட்டி திரும்பிருச்சு, கோட்டுக்கிட்ட விழுந்து கெடக்கான். விசில் அடிச்சு ஆட்டத்தை நிறுத்திட்டேன், அதுல குறை சொல்ல முடியாது. "யாராச்சும் வந்து தூக்குங்கப்பா, உங்காளுக யாராச்சும் வாங்க"ன்னு கத்தறேன். நான் நிக்கறது அவன் தலைமாட்டுல. அது வீடியோவுல அப்படித் தெரியுது, கேமரா வெச்ச பக்கம் அப்படி.

தேவசகாயம் சார் கேக்கறாரு, "குனிஞ்சு ஒரு கை குடுத்திருந்தா என்னப்பா?"

அப்பத்தானுங்க என் யாவார மூளை வேலை செஞ்சுது. "சார், சுற்றறிக்கையில என்ன போட்டிருக்கீங்க? தொடக் கூடாதுன்னுதானே? விடிவெள்ளி விசயத்துல நான் சட்டத்தை நூத்துக்கு நூறு கடைப்புடிச்சிருக்கேன். இதுக்கு நீங்க எனக்கு மாலை போடணும்!"

"அப்ப மத்தவங்ககிட்ட ஏன் கடைப்புடிக்கலை?"

பாருங்க கொடுமையை. தொட்டாலும் குத்தம், தொடலைன்னாலும் குத்தம். சீ, என்ன பொழப்புன்னு ஆயிருச்சு. நான் சாதி பாக்கறவனா? எங்க குடோன்ல அந்தப் பசங்க பத்துப் பேரு வேலை செய்யறானுக. அவனுகளுக்குன்னு தனியா டம்ளரே வாங்கி வெச்சிருக்கேன், புது டம்ளரு. யாரு செய்வா?

அப்பறம் பேரம் ஆரம்பிச்சுது. வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடு, இல்லைன்னா ரெண்டு வருசம் விசில் கிடையாது, மாநிலப் போட்டியும் கிடையாதுன்னாரு சாரு. வருத்தம்னா நான் தப்புப் பண்ணினேன்னு ஆயிரும், கவனக்குறைவுன்னு போட்டுக்கலாம்னேன். சரி, கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்னு போடுன்னாரு. வருந்துகிறேன் வேண்டாம், கவனக்குறைவோட நிறுத்திக்கலாம்னேன். முக்கா மணி நேரம் போச்சுங்க. நான் விட்டுக் குடுப்பனா?

அந்தப் பையன் நடுவுல புகுந்தான். "கடுதாசியெல்லாம் வேண்டாம் சார். இவரு பாயின்ட்ல பொய் சொல்ல மாட்டாரு, அது எங்களுக்கும் தெரியும். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினாப் போதும். தொட்டா எல்லாரையும் தொடட்டும். இல்லைன்னா யாரையும் தொட வேண்டாம். மறு ஆட்டம் வைங்க, இவரே இருக்கட்டும்."

கேட்டீங்களா, அவன் வாயாலயே சொன்னான், பாயின்ட்ல பொய் சொல்ல மாட்டேன்னு. அதோட அவசரப்பட்டு எறங்கியும் வந்துட்டான். ரெண்டு விலை சொன்னா நாம எதை எடுப்போம்? "ரெண்டாவது. யாரையும் தொடலை. முடிஞ்சுது"ன்னு மேசையில தட்டினேன். தேவசகாயம் சார் என்னையே பார்த்தாரு. "முதலாவதுதான்பா உனக்குச் சுலபம். கை உன் பழக்கம்"னாரு. எனக்கா தெரியாது? ரெண்டாவதுதான்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். வர்ற வழியெல்லாம் பசங்களுக்குப் பிரியாணி. கொறைஞ்ச விலைக்கு முடிச்ச சந்தோசம்.

போன ஞாயிறு மறு ஆட்டம். பள்ளிக்கூட மைதானத்துல, காலையில பத்து மணிக்கு. விசயம் பரவி ஊரே திரண்டுருச்சு. அந்த இளம்பரிதிக்கு முட்டி சரியாகலை, ஆட முடியாது. கோடு பாக்கற அம்பயரா நிக்க வெச்சிருந்தாரு சாரு. நடுவர் பரிட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கானாம்.

நான் கையைப் பின்னால கட்டினவன் கட்டினவன்தான். யாரையும் தொடலை. எங்காளையும் தொடலை, அவங்காளையும் தொடலை. கை எப்படித் துடிச்சுது தெரியுமா? தரணி கோட்டுக்கிட்ட நிக்கறான், இடுப்புல ரெண்டு விரல் வெச்சாப் போதும், தள்ளி நிப்பான். வெக்க முடியலை. விசில் ஊதறேன், திரும்பிப் பாக்கறான், என்னன்னு கேக்கறான், அதுக்குள்ள ஆட்டம் போயிருச்சு. கூட்டத்துல ஒருத்தன், "ஏனுங்க மாமா, கையில மாவுக்கட்டா?"ங்கறான். ஒரே சிரிப்பு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாம் நீலச் சட்டைக்காக.

ரெண்டாவது பாதியில அஞ்சு நிமிசம் இருக்கு. சமமான பாயின்ட். தரணி பாடிப் போயிட்டுத் திரும்பறான், கோடு தாண்டினதும் பொத்துன்னு விழுந்தான். கெண்டைக்கால் புடிச்சுக்குச்சு. கல்லு மாதிரி திரண்டு நிக்குது. "அய்யோ மாமா, மாமா"ன்னு கத்தறான். எங்கக்கா அங்க சேர்ல உக்காந்திருக்கா, அவளும் கத்தறா. ஓரெட்டு வெச்சேன். நின்னுட்டேன். தொட்டேன்னா ஒப்பந்தம் போச்சு, விசில் போச்சு. கையைக் கட்டிக்கிட்டேன். பேச்சுன்னா பேச்சுங்க நமக்கு.

அந்த நேரத்துல அந்த இளம்பரிதி நொண்டிக்கிட்டே ஓடி வர்றான். மண்டி போட்டு உக்காந்து தரணி காலைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டு, விரலை மடக்கிப் புடிச்சு, கெண்டைக்காலை நீவறான். மடியிலங்க. எங்கக்கா பையன் கால்.

எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலை. விசிலை வாய்ல வெச்சு நெஞ்சுல இருக்கற காத்தெல்லாம் ஊதினேன். "எட்றா கைய!"

ரெண்டாயிரம் பேரும் என் பக்கம் திரும்பினாங்க.

சட்டம்தானுங்க அது! ஆட்டக்காரனைத் தொடக் கூடாது. அம்பயருக்கும் அதுதானே சட்டம்? அதைத்தான் சொன்னேன். வேற எதை நெனச்சுச் சொன்னேன்?

அந்தப் பையன் கையை எடுக்கலை. என்னை நிமிர்ந்துகூடப் பாக்கலை, நீவிக்கிட்டே இருக்கான். தரணிதான் பேசினான். நான் தோள்ல தூக்கி வளர்த்த பையன், முதமுதல்ல கோடு போட்டுக் கபடி சொல்லிக் குடுத்ததே நான். கண்ணுல தண்ணி, வலியில மூச்சு வாங்குது. "நீங்களும் தொட மாட்டீங்க, தொடறவனையும் விட மாட்டீங்களா மாமா? தள்ளிப் போங்க."

ரெண்டாயிரம் பேரு முன்னால. தள்ளிப் போங்க.

தேவசகாயம் சார் உள்ள வந்துட்டாரு. "போதும் நாச்சிமுத்து."

"சார், இந்த ஆட்டத்தை முடிச்சுக் குடுத்துடறேன். அஞ்சு நிமிசம்."

"போதும்."

"சரி, மாநிலப் போட்டி மட்டும் விட்டுருங்க. அப்பறம் நானே ஒதுங்கிக்கறேன்."

"விசிலைக் குடுப்பா."

"தலைமை நடுவர்கூட வேண்டாம் சார், சாதா நடுவர்…"

சாரு கையை நீட்டினாரு. நான் திரும்பி நடந்தேன். போற மாதிரி. பத்து எட்டு நடந்திருப்பேன். யாரும் கூப்பிடலைங்க.

திரும்பி வந்தேன். விசிலைக் கழட்டினேன். சாருக்கு நீட்டினா, "அவன்கிட்டக் குடு, மீதியை அவன் நடத்துவான்"னு அந்தப் பையனைக் காட்டறாரு. அவன் எந்திரிச்சு வந்து உள்ளங்கையை விரிச்சு நிக்கறான். நான் குடுக்கத்தான் போனேன். சத்தியமாக் குடுக்கத்தான் போனேன். கை ஒரு ஒசரத்துல போயி அதுவா நின்னுக்குச்சு. காய் பறிக்கறவங்களுக்கு மேல இருந்து கூலி போடுவமே, அந்த ஒசரம். அங்கிருந்து விட்டேன். அவன் புடிச்சிருக்கலாம், கபடிக்காரன்தானே. கையை நகத்தவே இல்லை. விரிச்சபடியே வெச்சிருந்தான். அது விரல் ஓரமாப் போயி மண்ணுல விழுந்துருச்சு.

அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கெட்ட முட்டியை நீட்டிக்கிட்டு, ஒரு கையை ஊணிக் குனிஞ்சு எடுத்தான். எடுத்துட்டு நேரா ஊதுவான்னு நெனச்சேன். குழாயடிக்குப் போறான். நொண்டி நொண்டிப் போறான், மொத்தக் கூட்டமும் பாத்துக்கிட்டிருக்கு. குழாயைத் தொறந்து என் விசிலைக் கழுவறான். எம் முன்னாடியே. இருபத்திரெண்டு வருசம் என் வாய்ல இருந்த விசில். உதறினான். மறுபடி குழாய்க்கிட்டக் கொண்டு போயி, ஊதற பக்கத்துல விரலை விட்டுத் தேய்ச்சு இன்னொருக்காக் கழுவினான். அப்பறம்தான் வாய்ல வெச்சான். அப்பறம்தான் ஆட்டம் நடந்துது.

யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்காதீங்க, நான் பாக்கலை.

அதுக்குத்தான் இப்பக் கரூருக்குப் போறது. வக்கீலைப் பாக்கணும். மனு எழுதறவன்கிட்டப் போனேன், "விசிலைக் கழுவினதுக்கு என்னான்னு எழுதறது?"ங்கறான், சிரிக்கறான். தரணி போன் எடுக்கறதில்லை. அக்காவும் பேசறதில்லை. அதெல்லாம் கெடக்கட்டும். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. மண்ணுல விழுந்துது, கழுவினான், சரி. மொதத் தடவை மண்ணுக்குன்னே வெச்சுக்குவோம். ரெண்டாவது தடவை எதுக்குங்க கழுவினான்?